தடுமாறும் மின்வில்



கரும்பலகைக்கு முன் நின்று ஆயுளைக் கழித்த ஓர் ஆசிரியன் இரும்பையும் நெருப்பையும் பற்றிப் பேச வருவது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் பொறியியல் கற்றவன் அல்லன். ஆயினும், பிழை எங்கே இருக்கிறது என்று தேடிக் காண்பது என் தொழிலுக்கும் பொறியாளர் தொழிலுக்கும் பொதுவான வேலை. என்னிடம் படித்த மாணவர் ஒருவர் திருச்சிராப்பள்ளியை அடுத்த ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். அவருக்கு நேர்ந்த ஓர் இக்கட்டு, நான் பலகாலம் மாணவர்களுக்குச் சொல்லிவந்த ஒரு பாடத்தை எனக்கே மீண்டும் கற்பித்தது. அதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

திருச்சிராப்பள்ளிக்கும் பற்றவைப்புத் தொழிலுக்கும் நெடுநாள் உறவு உண்டு. 1960களில் அங்கே பெரிய கொதிகலன் ஆலை எழுந்தது. அதைச் சார்ந்து சிறிதும் பெரிதுமாகப் பல பட்டறைகள் தோன்றின. 1975இல் பற்றவைப்புக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் அங்கு நிறுவப்பட்டது. வெல்டிங் என்ற சொல் அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் புதியதன்று. முகமூடி அணிந்து, கையில் கம்பி பிடித்து, பொறி பறக்க வேலை செய்யும் தொழிலாளியை அவர்கள் நாள்தோறும் பார்ப்பவர்கள். இப்போது பல இடங்களில் அத்தொழிலாளியின் கைக்குப் பதிலாக ரோபோ என்னும் இயந்திரக் கை வந்திருக்கிறது. கை மாறினாலும் நெருப்பு பழைய நெருப்பே. அதன் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம்.

இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள சிறிய இடைவெளியைத் தாண்டி மின்சாரம் பாயும்போது அங்கே எழும் கடுஞ்சுடருக்கு மின்வில் என்று பெயர். பட்டறையில் அதை ஆர்க் என்பார்கள். நான் சொல்லப்போகும் முறையில், ஒரு பெரிய உருளைப் பெட்டியிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பி இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும். அதன் கனம் பெரும்பாலும் 1.2 மில்லிமீட்டர். இரண்டு ரோலர்கள் அதைக் கவ்வித் தள்ளும். லைனர் என்னும் நீண்ட குழாயின் வழியே அது டார்ச்சுக்குச் செல்லும். டார்ச்சின் நுனியில் டிப் என்று சொல்லப்படும் சிறிய செப்புத் துண்டு இருக்கிறது. கம்பி அதன் துளை வழியே உராய்ந்துகொண்டு வெளியேறும்போது மின்சாரத்தைப் பெறுகிறது. வெளியே வந்ததும் வேலைத்துண்டை நோக்கி மின்வில்லாக எரிந்து, துளித்துளியாக உருகி இணைப்பாகிறது. உருகிய உலோகத்தைக் காற்று தீண்டாதபடி ஆர்கானும் கரியமில வாயுவும் கலந்த போர்வை ஒன்று சுற்றிலும் பாய்ந்துகொண்டிருக்கும். வேலைத்துண்டிலிருந்து எர்த் கேபிள் வழியாக மின்சாரம் இயந்திரத்துக்குத் திரும்புகிறது.

சீரான மின்வில் என்றால் அசையாமல் நிற்கும் சுடர் என்று எண்ணிவிடக் கூடாது. குறைந்த மின்னோட்டத்தில் வேலை நடக்கும்போது கம்பியின் நுனி உருகிய குட்டையைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. ஒரு நொடியில் 20 தடவை முதல் 200 தடவை வரை இது நிகழும். அந்தத் தொடுதல் ஒரே தாளத்தில் இருந்தால், வாணலியில் அப்பளம் பொரிவது போன்ற ஓசை இடைவிடாது கேட்கும். தாளம் தப்பினால் படபடவென்று வெடிக்கும். உலோகத் துளிகள் நாற்புறமும் தெறிக்கும். பழகிய தொழிலாளி கண்ணால் காணுமுன் காதாலேயே பிழையை அறிவார்.

மின்வில் ஓரளவு தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் ஆற்றல் உடையது என்பதையும் சொல்ல வேண்டும். இவ்வகை இயந்திரம் வோல்ட் அளவை ஏறத்தாழ ஒரே நிலையில் வைத்திருக்கும். இடைவெளி சற்றுக் குறைந்தால் மின்னோட்டம் உயரும். உயர்ந்ததும் கம்பி விரைந்து உருகும். விரைந்து உருகவே இடைவெளி பழைய அளவுக்குத் திரும்பும். இடைவெளி கூடினால் இதற்கு நேர்மாறாக நடக்கும். ஆனால், கம்பி ஒரே வேகத்தில் வர வேண்டும். மின்சாரம் அதை ஒரே இடத்தில் தொட வேண்டும். இவ்விரண்டில் ஒன்று பிசகினாலும் இந்தத் தற்காப்பு உதவாது.

இனி என் மாணவரின் இக்கட்டுக்கு வருகிறேன். அவர் தொழிற்சாலையில் பாரவண்டிகளின் அடிச்சட்டத்தோடு இணையும் தாங்கிகளை ஒரு ரோபோ பற்றவைக்கிறது. காலை 6 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை ஒரு ஷிஃப்ட். 2 மணி முதல் இரவு 10 மணி வரை மற்றொன்று. காலை ஷிஃப்டில் வேலை நன்றாக நடந்தது. பிற்பகல் ஷிஃப்டில் மின்வில் தடுமாறியது. கம்பி சில வேளை வேலைத்துண்டில் முட்டி நின்றது. சில வேளை டிப் வரை எரிந்து அதனோடு ஒட்டிக்கொண்டது. கழிக்கப்பட்ட தாங்கிகள் மூலையில் குவிந்தன. பிற்பகல் ஷிஃப்டை நடத்தியவர் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டும் நிறையாத இளைஞர். "காலையில் ஓடுகிற இயந்திரம் உன் கையில் மட்டும் ஏன் ஓடவில்லை?" என்று எல்லோரும் அவரைக் கேட்டனர். இறுதியில் விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ ஒன்றும் கொடுக்கப்பட்டது. அதில் கையெழுத்திட்டவர் என் மாணவரே.

இதற்கிடையில் பரிகாரங்களும் நடந்துகொண்டிருந்தன. ஒருநாள் மாலை வோல்ட் அளவைச் சற்று உயர்த்தினார்கள். அதே வேளையில் வாயுவின் வேகத்தைக் கூட்டினார்கள். கம்பி வழுக்குகிறதோ என்ற ஐயத்தில் ரோலரையும் இறுக்கினார்கள். அன்று மாலை மின்வில் அடங்கியது. மறுநாள் காலை ஷிஃப்டில் அது மிக நீண்டு, இணைப்பின் இருகரையிலும் பள்ளம் விழுந்தது. காலை ஆட்கள் வோல்ட்டைக் குறைத்தார்கள். மாலை ஆட்கள் மீண்டும் உயர்த்தினார்கள். ஒரு வாரத்துக்குள் இரண்டு ஷிஃப்டுக்கும் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது.

வோல்ட்டை உயர்த்தினால் ஓசை அடங்குவது உண்மை. இடைவெளி நீளுவதால் கம்பி முட்டுவது குறைகிறது. ஆனால் பிழை போய்விடவில்லை; அது மூடி மறைக்கப்பட்டது. மேலே பார்ப்பதற்கு வழுவழுப்பாக இருக்கும் இணைப்பின் ஓரத்தில் பள்ளம் இருந்தால், பாரம் ஏறி இறங்கும் வண்டியில் விரிசல் அங்கேதான் முதலில் தொடங்கும். அந்தத் தாங்கி நெடுஞ்சாலையில் முறிந்தால் சேதப்படுவது இரும்பு மட்டுமா? ஆகவே, ஒரு குமிழைத் திருகிச் சத்தத்தை அடக்குவதைப் பழுது பார்த்தல் என்று கொள்ள இயலாது.

என் மாணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் இல்லத்துக்கு வந்தபோது இவற்றையெல்லாம் சொல்லி, "நாங்கள் செய்யாதது எதுவுமே இல்லை ஐயா" என்று வருந்தினார். "தம்பி, எல்லாவற்றையும் செய்தீர்கள்; எல்லாவற்றையும் ஒரே வேளையில் செய்தீர்கள். எதனால் என்ன நேர்ந்தது என்பதை இனி எப்படி அறிவாய்?" என்று நான் கேட்டேன். பிறகு அவருக்கு ஓர் அம்மையாரைப் பற்றிச் சொன்னேன்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாட்டு நகரங்களின் வீதிகளில் கரித்துண்டுகளுக்கு இடையே எரியும் மின்வில் விளக்குகள் இருந்தன. அவை திடீரெனச் சீறும், ஒளி நடுங்கும். இங்கிலாந்தில் ஹெர்த்தா அயர்ட்டன் என்ற அம்மையார், இளமையில் கணிதம் கற்பித்து வாழ்ந்தவர், இந்தச் சீற்றத்தின் காரணத்தை ஆராய்ந்தார். மின்னோட்டம் ஓர் அளவைத் தாண்டும்போது சீற்றம் எழுவதையும், அப்போது வோல்ட் அளவு சட்டென்று விழுவதையும் அவர் கண்டார். அதோடு நின்றுவிடவில்லை. காற்றுப் புகாதபடி மின்வில்லை மூடிவைத்துப் பார்த்தார். அந்த வீழ்ச்சி நிகழவில்லை. பிறகு காற்றை வேண்டுமென்றே அதனுள் செலுத்தினார், சீற்றம் எழுந்தது. காற்றிலுள்ள ஆக்சிஜன் கரிமுனையின் குழியை நேராகத் தீண்டுவதே காரணம் என்பது இவ்வாறு தெளிவாயிற்று. 1899இல் இலண்டன் மின் பொறியாளர் கழகத்தில் இவ்வாராய்ச்சியைத் தாமே படித்தார். அக்கழகத்தின் முதற் பெண் உறுப்பினராகவும் அவ்வாண்டிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1902இல் இராயல் சொசைட்டிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, மணமான பெண் என்பதால் உறுப்பினராக ஏற்க இயலாது என்றார்கள். 1906இல் அதே சொசைட்டி அவருக்கு ஹியூஸ் பதக்கம் வழங்கியது.

அம்மையாரின் வழி மிக எளியது. ஐயத்துக்கு உரிய ஒன்றை மட்டும் மாற்று; மற்றவற்றைத் தொடாதே; பிழையை நீக்கிப் பார்; பிறகு அதை வேண்டுமென்றே வரவழைத்துப் பார். வரவழைக்கவும் விலக்கவும் முடிந்தால்தான் காரணம் கையில் கிடைத்தது என்று பொருள்.

சில நாள் கழித்து என் மாணவர் என்னைத் தொழிற்சாலைக்கு அழைத்துச் சென்றார். கருங்கண்ணாடி வழியாக அந்தச் சுடரை நானும் பார்த்தேன். வெறுங்கண்ணால் அதைப் பார்க்கலாகாது. சில கணங்களிலேயே கண்ணுக்குத் தீங்கு நேரும். பிற்பகல் ஷிஃப்டின் இளைஞரும் அருகில் நின்றார். "பிற்பகலுக்கும் காலைக்கும் என்ன வேறுபாடு?" என்று நான் கேட்டேன். வெயில், காற்று, மின்சார வரத்து என்று ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். இளைஞர் சற்றுத் தயங்கினார். "டிப்பைக் காலை 6 மணிக்கு மாற்றுவார்கள் ஐயா. நான் வரும்போது அது 8 மணி நேரம் உழைத்த டிப்பாக இருக்கும்" என்றார். "இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று என் மாணவர் கேட்டார். "நான் என்ன தவறு செய்தேன் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்" என்று அவர் பதில் சொன்னார்.

நான் அங்கேயே ஒரு சிறு கணக்குப் போட்டேன். நிமிடத்துக்கு 8 மீட்டர் வேகத்தில் கம்பி ஓடுகிறது. 8 மணி நேரத்தில் பாதி நேரம் மின்வில் எரிந்தது என்று கொண்டாலும் 240 நிமிடம். ஆக, 1,920 மீட்டர். ஏறக்குறைய 2 கிலோமீட்டர் எஃகுக் கம்பி சுடச்சுட அந்தச் செப்புத் துளையை அராவிச் சென்றிருக்கிறது. வட்டமான துளை அதனால் நீள்வட்டமாகத் தேயும். தேய்ந்த துளையில் கம்பி ஒரு கணம் மேலே தொடும். ஒரு கணம் கீழே தொடும். ஒரு கணம் தொடாமலே நழுவும். மின்சாரம் இப்படித் தடுமாறினால் மின்வில் எவ்வாறு தடுமாறாமல் இருக்கும்?

கணக்கு பொருந்துகிறது என்பதற்காகத் தீர்ப்பு எழுதிவிடவில்லை. முதலில் வோல்ட்டையும் வாயுவையும் செயல்முறைத் தாளில் எழுதியிருந்த அளவுக்குக் கொண்டுவந்தார்கள். ரோலரின் இறுக்கத்துக்கு மட்டும் எழுதிவைத்த அளவு எதுவும் இல்லை. அது முன்பு எந்த நிலையில் இருந்தது என்று ஒருவருக்கும் நினைவில்லை. ஆகவே அதைத் தொடாமல் விட்டார்கள். பிறகு மூன்று நாள் டிப்பைக் காலையில் மாற்றாமல் பிற்பகல் 2 மணிக்கு மாற்றினார்கள். அந்நாட்களில் செய்த தாங்கிகளுக்குத் தனிக்குறி இட்டு ஒதுக்கிவைத்தார்கள். பிற்பகலில் மின்வில் சீராக எரிந்தது. மறுநாள் காலை, முந்தைய நாள் உழைத்த டிப்போடு தொடங்கிய ஷிஃப்டில், அதே படபடப்பு! நோய் மாலையை விட்டுக் காலைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. குற்றம் ஆளைப் பின்தொடரவில்லை, டிப்பைப் பின்தொடர்ந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

ஆனால் இன்னொரு கேள்வி எஞ்சியிருந்தது. பக்கத்தில் இதே வேலையைச் செய்யும் மற்றொரு ரோபோவின் டிப் இரண்டு ஷிஃப்டுக்கும் தாங்குகிறதே, இது மட்டும் ஏன் தாங்கவில்லை? ரோலரைத் திறந்து பார்த்தார்கள். அதன் அடியில் செம்பொடி படிந்திருந்தது. அளவுக்கு மீறி இறுக்கியதால் ரோலர் கம்பியைக் கடித்து, மேற்பூச்சாகிய செம்பை உரித்து, தழும்பு படச்செய்திருந்தது. பொடி லைனருக்குள்ளும் சென்று அடைந்தது. லைனரும் பழையது. கம்பி இழுபட்டு இழுபட்டு வந்தது. தழும்பேறிய அதன் மேற்பரப்பு அரம் போல டிப்பைத் தின்றது. வழுக்குகிறது என்று ஐயுற்றுச் செய்த பரிகாரமே நோயை வளர்த்திருந்தது. முதலில் லைனரை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். பிறகு, கம்பி முனையை ஒரு மரக்கட்டையின் மேல் சாய்வாக ஓடவிட்டு, வழுக்காமல் ஓடுவதற்கு எவ்வளவு போதுமோ அவ்வளவே ரோலரை இறுக்கி, அந்த நிலையைத் தாளில் குறித்துவைத்தார்கள். டிப் இரண்டு ஷிஃப்டுக்கும் தாங்கியது. என்றாலும் ஒவ்வொரு ஷிஃப்டும் புதிய டிப்போடுதான் தொடங்க வேண்டும் என்று விதி செய்தார்கள். ஒரு சிறு செப்புத் துண்டின் விலை, ஒரு தாங்கி கழிக்கப்படும் நட்டத்தின் முன் பொருட்டன்று.

இத்தொழிலில் இருக்கும் இளைஞர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்களானால், அவர்களுக்கு நான் அறிந்த அளவில் சில குறிப்புகள் சொல்வேன். மின்வில் தடுமாறினால், கையைக் குமிழுக்குக் கொண்டுபோகுமுன், எங்கே, எப்போது என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்.

ஒவ்வொரு துண்டிலும் ஒரே இடத்தில் தடுமாறுகிறதா? அவ்விடத்தில் ரோபோ கை திரும்பும்போது டார்ச்சின் கேபிள் ஒடிந்தாற்போல் வளைகிறதா என்று பாருங்கள். வளைவில் கம்பி இறுகும். துண்டுகளுக்கு நடுவே அங்கே இடைவெளி மிகுந்திருக்கிறதா, எண்ணெயோ பெயின்டோ துத்தநாகப் பூச்சோ இருக்கிறதா என்றும் காணுங்கள். எஃகு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே ஆவியாகிச் சுடரைக் கலைக்கும். இணைப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ சுடர் ஒருபக்கமாகச் சாய்கிறது என்றால் காந்தத்தின் இழுப்பாக இருக்கலாம். எர்த் இணைத்த இடத்தை மாற்றிப் பார்க்கலாம்.

நேரம் செல்லச்செல்ல மோசமாகிறதா? டிப், லைனர், ரோலர் ஆகிய தேயும் பொருள்களைப் பாருங்கள். நாசிலின் உட்புறம் தெறித்த துளிகள் அடைத்து வாயுவின் வழியை மறிக்கவும் கூடும். கதவு திறந்திருக்கும் நேரத்திலோ மின்விசிறி சுழலும் நேரத்திலோ மட்டும் வருகிறதா? காற்று வாயுப் போர்வையை விலக்குகிறது. அதற்காக வாயுவை மிகுதியாகத் திறந்தால், வேகம் கூடிய வாயு சுழித்துத் தானே வெளிக்காற்றை உள்ளிழுக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் அளவே பெரும்பாலான வேலைகளுக்குப் போதுமானது.

எந்த ஒழுங்கும் இன்றி நினைத்தபோது வருகிறதா? எர்த் கேபிளைக் கையோடு தொடர்ந்து செல்லுங்கள். தளர்ந்த கிளாம்ப், பெயின்டின் மேல் பிடித்த கிளாம்ப், சுழலும் மேடையில் தேய்ந்த இணைப்பு ஆகியவை மின்சாரம் திரும்பும் வழியை மறிப்பவை. பலரும் டார்ச்சையே பார்க்கிறார்கள். திரும்பும் வழியைப் பார்ப்பவர் சிலரே. எதைத் தொடுவதற்கு முன்பும் இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள். எதை மாற்றினாலும் ஒன்றையே மாற்றுங்கள். மாற்றியதை நேரத்தோடு எழுதிவையுங்கள்.

நேயர்களே, இறுதியாக ஒன்று. திங்கட்கிழமைதோறும் பள்ளிக்குத் தாமதமாக வந்த ஒரு சிறுவனை நான் பல வாரம் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். அவன் ஊரில் திங்கட்கிழமை சந்தை நாள் என்பதும், தாயின் காய்கறிக் கூடையைச் சந்தையில் இறக்கிவைத்துவிட்டு ஓடிவருகிறான் என்பதும் பின்னரே எனக்குத் தெரியவந்தது. ஏன் திங்கட்கிழமை மட்டும் என்று முதல் வாரமே நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஆகவே, என் மாணவர் அந்த மெமோவைத் திரும்பப் பெற்றதோடு, எல்லோர் முன்னிலையிலும் அவ்விளைஞரிடம் தாம் தவறியதை ஒப்புக்கொண்டார் என்று கேட்டபோது, ஆசிரியனாகிய நான் அவரிடமிருந்து கற்றுக்கொண்டேன் என்றே சொல்ல வேண்டும். இப்போது அந்த ரோபோவின் அருகே ஒரு குறிப்பேடு தொங்குகிறது. டிப் மாற்றிய நேரமும், திருத்திய அளவும், காரணமும் அதில் பதிவாகின்றன. அதை எழுதும் பொறுப்பு அந்தப் பிற்பகல் ஷிஃப்ட் இளைஞரிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.